நீள்வட்டத் துளை மாண்டலின்: நம் ஊர் ஈரத்துக்கும் நம் பாட்டுக்கும் எது பொருந்தும்?

தீபாவளிக்குப் பிறகு மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். கிள்ளானில் ஓர் அக்கா. பதினொரு வயது மகள் கர்நாடக இசை படிக்கிறாள். ஆசிரியர் “முட்டை மாதிரி துளை இருக்கிற மாண்டலினா பாத்து வாங்குங்க, நாதம் நிக்கும்” என்று சொல்லியிருக்கிறார். அடுத்தவர் பட்டர்வொர்த்தில் ஓர் அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவாலயப் பாடல் குழுவில் வாசிப்பவர். கையில் எட்டாயிரம் ரிங்கிட் வைத்துக்கொண்டு இரவெல்லாம் இணையத்தில் கிப்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நூறு வருடப் பழைய மாண்டலின்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் செந்தூல் தம்பி. பழைய சினிமாப் பாட்டுகளில் வரும் அந்த நடுங்கும் மாண்டலின் ஒலிக்காக, ஜப்பானிலிருந்து கிண்ண முதுகு மாண்டலின் ஒன்று 600 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார்.

நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். பதினெட்டு வருடமாக ஒரு பஜனைக் குழுவில் மாண்டலின் வாசிக்கிறேன். கீழே சொல்லும் வகைகளில் சிலவற்றைச் சொந்தமாக வைத்திருந்தேன், மற்றவற்றை நண்பர்கள் கையிலிருந்து வாங்கி வாசித்துப் பார்த்திருக்கிறேன். கருவியின் பெயரைவிட நம் ஊர் ஈரமும், நாம் வாசிக்கும் பாட்டும், வாங்கிய பிறகு அதைச் சரிசெய்யக் கிடைக்கும் கையும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வெளிநாட்டு ஒப்பீடுகளில் இந்த மூன்றுமே வருவதில்லை.

## நீள்வட்டத் துளை எதற்கு?

பலகையை வளைவாகச் செதுக்கிச் செய்வதைச் செதுக்கு மாண்டலின் என்கிறோம். 1922 வரை கிப்சன் பட்டறையில் செய்த செதுக்கு மாண்டலின்களுக்கெல்லாம் முன்பலகையில் ஒரே ஒரு துளைதான். அந்த ஆண்டு லாயிட் லோர் என்பவரின் கைவண்ணத்தில் எஃப்-5 என்ற மாடல் வந்தது. வயலினில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள், உள்ளே நீளவாக்கில் இரண்டு கட்டைகள். தட்டியவுடன் ஒலி பளிச்சென்று வெடிக்கும், சீக்கிரம் அடங்கிவிடும். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவர்களுக்கு அதுதான் தேவை. தாளத்தை மாண்டலினாலேயே வெட்டி வெட்டிப் போடுகிறார்கள்.

நீள்வட்டத் துளை வைத்த செதுக்கு மாண்டலினில் பெரும்பாலும் துளைக்குக் கீழே குறுக்காக ஒரே கட்டை. மந்தர ஒலி உருண்டு வரும், மீட்டிய ஸ்வரம் கொஞ்ச நேரம் நிற்கும். நமக்கு இந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம். ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஒரு ஜாரு இழுக்கிறோம் என்றால், விரல் போய்ச் சேரும்வரை ஒலி உயிரோடு இருக்க வேண்டும். எஃப் துளைக் கருவியில் பாதி வழியிலேயே நாதம் செத்துப்போவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கிள்ளான் ஆசிரியர் சொன்னது மிகச் சரி.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு மாண்டலின் வாங்கும் பெற்றோரில் பாதிப் பேர் மனத்தில் இருப்பது யு. ஸ்ரீநிவாஸ் அவர்களின் ஒலி. 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, 2014இல் 45 வயதிலேயே நம்மை விட்டுப் போன அந்த மேதை வாசித்தது மின் மாண்டலின். உள்ளே பொள்ளல் இல்லாத கட்டை உடல், இரட்டைக் கம்பிகளுக்குப் பதில் ஒற்றைக் கம்பிகள், நான்குக்குப் பதில் ஐந்து. ஒற்றைக் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பது எளிது. ஒலியை மின்பெருக்கி தாங்கிப் பிடிக்கும். எவ்வளவு செலவழித்தாலும் நீள்வட்டத் துளை மாண்டலின் அந்த ஒலியைத் தராது. அதுதான் வேண்டுமென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. நேராக மின் மாண்டலின் தேடுங்கள்.

## கைவேலை என்ற சொல்

விளம்பரங்களில் எல்லாமே கைவேலைதான். உண்மையில் இதற்குள் மூன்று விதம். பெய்ஜிங்கில் ஈஸ்ட்மேன் பட்டறையில் பல தொழிலாளிகள் பலகையை உளியாலும் சிறு இழைப்புளியாலும் செதுக்குகிறார்கள். டெக்சாஸில் காலிங்ஸ் பட்டறையில் கணினி இயந்திரம் முதல் வடிவத்தை வெட்டிக் கொடுக்கும், கடைசி மில்லிமீட்டர்களை மனிதர் தட்டிக் கேட்டுச் சீர்செய்வார். தனி ஆளாகச் செய்பவர்கள் மரம் எடுப்பதிலிருந்து பூச்சுவரை எல்லாமே தாங்களே செய்வார்கள். மூன்றிலும் நல்ல கருவி உண்டு. முன்பலகை முழு மரமா, ஒட்டுப் பலகையை அச்சில் அழுத்தியதா என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். ஒட்டுப் பலகை என்றால் அதைக் கைவேலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

நாதம் நிற்பது. மேலே சொன்னதுதான்.

கைக்கு வசதி. கழுத்தின் மேல்முனையில், கம்பிகள் பிரியும் இடத்தின் அகலம் பெரும்பாலான மாண்டலின்களில் ஏறக்குறைய 28.5 மி.மீ. சில பட்டறைகள் 30 மி.மீ. அகலத்திலும் செய்து தருகின்றன. கமகம் வாசிப்பவர்களுக்கு அந்த ஒன்றரை மி.மீ. பெரிய வித்தியாசம், ஏனென்றால் நாம் இரண்டு கம்பிகளைச் சேர்த்து இழுக்கிறோம், பக்கத்து ஜோடியில் இடிக்கக் கூடாது. ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) உயரமாக இருந்தால் இழுப்பு லேசு. தேய்ந்து தட்டையாக இருந்தால் விரல் பலகையில் உரசி நின்றுவிடும்.

இங்கே சுருதி பற்றியும் சொல்ல வேண்டும். மாண்டலினுக்கு இயல்பான சுருதி ஜி–டி–ஏ–இ. ஏ, இ இரண்டையும் இரண்டு அரைஸ்வரம் இறக்கினால் ஜி–டி–ஜி–டி, அதாவது ஐந்து கட்டையில் ச–ப–ச–ப. பெண் பிள்ளைகள் பலர் பாடும் சுருதியே இதுதான். இறக்கிய கம்பிகளில் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, இழுத்துக் கமகம் கொடுக்க விரல் நோகாது. ஆனால் ஆண் குரலுக்கு ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில், வைக்க வேண்டுமென்றால் கடைசி ஜோடியை நான்கு அரைஸ்வரம் இறக்க வேண்டியிருக்கும். கம்பி தொளதொளவென்று அடிக்கும். அப்போது அந்த ஜோடிக்கு மட்டும் ஒரு அளவு தடித்த கம்பி போடுங்கள்.

ஈரம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கருவி செய்யும் பட்டறைகள் 45 முதல் 50 விழுக்காட்டில் மரத்தை வைத்து வேலை செய்கின்றன. அந்தக் கருவி இங்கே வந்து இறங்கியதும் மரம் ஈரம் குடிக்கும், முன்பலகை உப்பும், அதன் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் மேலே எழும், கம்பி உயரும். வாங்கிய மூன்றாம் வாரத்தில் “விரல் வலிக்குது சார்” என்று பிள்ளைகள் அழுவதற்குக் காரணம் இதுதான். பிரிட்ஜின் உயரத்தைத் திருகால் மாற்ற முடியுமா, கழுத்து வளைந்தால் திருகி நிமிர்த்த உள்ளே இரும்புத் தண்டு இருக்கிறதா என்ற இரண்டும் குளிர்நாட்டில் வசதி, இங்கே கட்டாயம்.

அமெரிக்க வலைத்தளங்களில் ‘பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள்’ என்று எழுதியிருப்பார்கள். அது அவர்களுடைய வறண்ட குளிர்காலத்துக்கு. தயவுசெய்து இங்கே அதைச் செய்யாதீர்கள். நமக்கு வேண்டியது சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஒரு சிறிய ஈரமானியும். பெட்டிக்குள் 50 முதல் 60க்குள் இருந்தால் நிம்மதி.

வெயிலும் இதோடு சேர்ந்ததுதான். பழைய கருவிகளையும் தனி ஆட்கள் செய்யும் பல கருவிகளையும் விலங்குத்தோல் பசையால் ஒட்டியிருப்பார்கள். 60 டிகிரி வந்தால் அந்தப் பசை இளகத் தொடங்கும். மத்தியானம் பத்துமலை வாகன நிறுத்தத்தில் நிற்கும் மூடிய கார் அந்தச் சூட்டை எளிதாக நெருங்கிவிடும்.

பழுது பார்க்கும் கை. நம் ஊரில் கித்தார் சரிசெய்பவர்கள் நிறைய, வயலின் சரிசெய்பவர்களும் உண்டு. செதுக்கு மாண்டலினை மட்டுமே பார்ப்பவர் கிடைப்பது அரிது. ஃப்ரெட் வேலைக்குக் கித்தார்காரரிடமும் பிரிட்ஜ் பாதத்தைப் பலகைக்கு ஏற்ப இழைக்க வயலின்காரரிடமும் போகலாம். இந்தப் பிரிவினை எனக்கு ஒத்துவந்திருக்கிறது.

மொத்தச் செலவு. விலை, அனுப்புச் செலவு, சுங்கமும் விற்பனை வரியும், கெட்டிப் பெட்டி, முதல் சீரமைப்பு, வருடம் முழுக்கக் கம்பி. சீரமைப்பைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

## பெய்ஜிங் பட்டறை: ஈஸ்ட்மேன்

1992இல் தொடங்கிய நிறுவனம். வயலினில் ஆரம்பித்ததால் செதுக்கு வேலை அவர்களுக்குப் பழகிய ஒன்று. மாடல் எண்ணிலேயே குறிப்பு இருக்கிறது: 04 என்று முடிந்தால் கண்ணீர்த்துளி உடல், நீள்வட்டத் துளை, 05 என்றால் அதே உடல், எஃப் துளை, 14 என்றால் மேல் தோளில் சுருள் வைத்த உடல், நீள்வட்டத் துளை. ஆக நாம் தேடுவது எம்டி304 அல்லது எம்டி504. இரண்டிலும் முழு ஸ்ப்ரூஸ் முன்பலகை, முழு மேப்பிள் முதுகு, திருகு வைத்த கருங்காலி பிரிட்ஜ், கழுத்தில் இரும்புத் தண்டு. 304க்கு மங்கலான மெல்லிய பூச்சு. 504 பார்வைக்கு இன்னும் செழிப்பு, மரத்தின் வரியும் நன்றாக இருக்கும்.

ஒலி? எடுத்தவுடனே திறந்த ஒலி. மந்தரம் அமெரிக்கப் பட்டறைக் கருவிகள் அளவு ஆழமில்லை. ஆனால் ஸ்வரம் நிற்கிறது, ஜோடிக் கம்பிகள் சண்டை போடாமல் சேர்ந்து பேசுகின்றன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். ஒரே மாடலில் இரண்டை வாசித்தபோது ஒன்று தேன், மற்றது சற்று மூடிய குரல். முடிந்தால் இரண்டு மூன்றை வாசித்துப் பார்த்து எடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் மேல்முனைப் பள்ளங்களில். கம்பி உட்காரும் பள்ளம் ஆழமாக வெட்டப்படாமல் வருவதுண்டு. முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறிப்போகும். அதைச் சரிசெய்து, பிரிட்ஜ் பாதத்தையும் இழைக்க ஓர் இருநூறு முந்நூறு ரிங்கிட் ஒதுக்கிவையுங்கள். நான் விசாரித்தபோது கருவி விலை ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ரிங்கிட்டுக்குள் வந்தது.

மேடையில் ஹார்மோனியம், தபேலா, டோலக் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் இதன் குரல் அமுங்கும், மைக் வைத்துத்தான் ஆக வேண்டும். இந்தக் குறை நீள்வட்டத் துளைக்கே பொது.

## அமெரிக்கச் சிறு பட்டறைகள்

காலிங்ஸின் எம்டி-ஓ (MT-O), வெபர் பட்டறையின் நீள்வட்டத் துளை மாடல்கள், இன்னும் தனி ஆட்கள் செய்யும் கருவிகள். காலிங்ஸ் ஆஸ்டின் நகரில் இருக்கிறது. 1999 வாக்கில் மாண்டலினில் இறங்கினார்கள். வேலைப்பாட்டில் குற்றம் காண்பது கடினம். நண்பர் ஒருவரின் கருவியை ஒரு மாதம் வீட்டில் வைத்து வாசித்தேன். மந்தர ஜி கம்பியை மீட்டினால் நெஞ்சில் அதிர்வு தெரிந்தது. தார ஸ்தாயியில் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரே எடை. ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் போனாலும் கமகம் மெலியவில்லை. திருப்பிக் கொடுத்த அன்று எனக்கு மனம் கனத்தது உண்மை.

ஆனால் 15,000 ரிங்கிட்டுக்கு மேல் போகும் கருவி. அனுப்புச் செலவும் வரியும் அந்த விலையின் மேல்தான் ஏறும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கஸ்டம்ஸ் தரப்பில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது குறை இருந்தால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையதாகிவிடலாம். உத்தரவாதம் உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்தக் கருவி கடல் தாண்டிப் போக வேண்டும். தனி ஆளிடம் ஆர்டர் கொடுப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு: கழுத்தின் அகலம், ஃப்ரெட் உயரம் இரண்டையும் நீங்களே சொல்லலாம், கர்நாடக இசைக்கு வேண்டும் என்று விளக்கலாம். காத்திருப்பு மாதங்களாகவும் வருடமாகவும் நீளும்.

பத்து வருடம் வாசித்துவிட்டு, கருவி தன்னைத் தடுக்கிறது என்று உணர்பவருக்கு இது. முதல் கருவியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இந்த விலைவாசியில் இன்னொரு தூண்டில் சுருள். மேல் தோளில் அழகாகச் சுருண்டு நிற்கும் அந்த வேலைப்பாட்டுக்கு மட்டும் விலை பல ஆயிரம் கூடும். ஒலியில் எனக்கு வித்தியாசம் கேட்டதில்லை. அந்தப் பணத்தில் நல்ல பெட்டியும் மைக்கும் மூன்று வருடக் கம்பியும் வந்துவிடும்.

## பழைய கிப்சன்

பட்டர்வொர்த் அண்ணனுக்காக இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கிப்சன் நிறுவனம் 1902இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் தொடங்கியது. 1910களில் மாண்டலின் குழுக்கள் அமெரிக்கா முழுதும் பெருகிக் கிடந்ததால் அவர்கள் செய்து குவித்தார்கள். அதனால்தான் ஏ, ஏ-1, ஏ-2, ஏ-4 கருவிகள் நூறு வருடம் கழித்தும் சந்தையில் கிடைக்கின்றன. சாதாரண ஏ மாடல்களுக்கு 5,000 முதல் 10,000 ரிங்கிட் வரை விலை பார்த்தேன். நூறு வருடம் அதிர்ந்து பழகிய மரம். நிதானமான, கறுத்த, பேரிச்சம்பழம் மாதிரியான ஒரு மந்தர ஒலி. தேவாலயப் பாடல்களின் நீண்ட ஸ்வரங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது எனக்குப் புரிகிறது.

சிக்கல்கள் இவை. கழுத்துக்குள் இரும்புத் தண்டு வந்தது 1922 வாக்கில்தான். அதற்கு முந்திய கருவிகளில் கழுத்து தடித்த மரம் மட்டுமே, உள்ளங்கையில் வி வடிவத்தில் குத்தும். நம் ஈரத்தில் அது வளைந்தால் திருகி நிமிர்த்த வழி கிடையாது. உயரம் மாற்றும் பிரிட்ஜும் 1921 வாக்கில்தான் வந்தது. ஃப்ரெட்டுகள் மெல்லியவை, தாழ்ந்தவை. புதிதாகப் போடுவதென்றால் ஆயிரம் ரிங்கிட் வரை ஆகலாம். விரல்காப்புப் பலகையும் ஓரப்பட்டையும் செல்லுலாய்டால் ஆனவை. அது பழையதாகி நொறுங்கும்போது வரும் வாயு கம்பியையும் உலோகத்தையும் பச்சை பிடிக்கவைக்கும். மூடிய பெட்டியும் நம் ஊர் ஈரமும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். இன்னொன்று, முன்பலகை பிரிட்ஜுக்குக் கீழே அமிழ்ந்திருக்கும். லேசான அமிழ்வு பரவாயில்லை, உள்ளே குறுக்குக் கட்டை விட்டுப்போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆகவே அண்ணே, வாங்குவதென்றால் 1922க்குப் பிந்திய கருவி மட்டும் பாருங்கள். தலைப்பகுதி மேலே குறுகிப் போகும், பாம்புத்தலை என்பார்கள்; அந்தக் கருவிகளில் தண்டும் இருக்கும், மெலிந்த கழுத்தும் இருக்கும். விலை கூடுதல்தான். உங்கள் எட்டாயிரத்துக்கு அப்படி ஒன்று சிக்கவில்லை என்றால், 1915ஆம் ஆண்டுக் கருவியில் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளாதீர்கள். மெல்லிய கம்பி மட்டுமே போட வேண்டும், இரவு பகல் ஈரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்தே தூங்குகிறீர்கள்.

## கிண்ண முதுகு

நேப்பிள்ஸ் நகரத்தின் வடிவம் இது. வினாச்சா குடும்பம் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்துகொண்டிருந்தது. காலாச்சே குடும்பப் பட்டறை இன்றும் அங்கே இயங்குகிறது. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிய பானை போன்ற முதுகு. முன்பலகை செதுக்கியது கிடையாது, தட்டைப் பலகையை பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக மடித்தது. கம்பியின் நீளம் 33 செ.மீ. அளவு, கிப்சன் வழி வந்தவற்றில் 35 செ.மீ. நடுங்கவைத்து மீட்டும் டிரெமோலோவுக்கு இதைவிட இனிமையான ஒலி கிடையாது. செந்தூல் தம்பியின் காது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இதுபோன்ற பழைய கிண்ண முதுகு வாங்கினேன். படங்களில் பளபளவென்றிருந்தது. வந்ததும் கம்பி ஏற்றினேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி 4 மி.மீ. உயரத்தில் நின்றது. கழுத்து முன்னே வளைந்துவிட்டது, தண்டு இல்லாத கழுத்து. பிரிட்ஜை அடிமட்டம் வரை இழைத்தும் போதவில்லை. கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த எனக்குச் சொன்ன கூலி, கருவியின் விலையைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கருவி இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. ஒருநாளும் அதில் ஒரு முழுப் பாட்டு வாசித்ததில்லை.

ஆகையால் தம்பி, 600 ரிங்கிட் என்பது நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஜப்பானில் மாண்டலின் குழுக்கள் நிறைய இருப்பதால் சுசுகி போன்ற கருவிகள் நல்ல நிலையிலும் வருகின்றன. வாங்கும் முன், கழுத்தை மேல்முனையிலிருந்து பக்கவாட்டில் பார்த்து எடுத்த படமும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அளவுகோல் வைத்த படமும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கம்பி விஷயத்தில் இன்னும் கவனம். சாதாரணக் கடையில் கிடைக்கும் நடுத்தர மாண்டலின் கம்பி, 0.011 முதல் 0.040 அங்குலம் வரை, எட்டும் சேர்ந்து 75 கிலோவுக்கு மேல் இழுவிசை கொடுக்கும். செதுக்கு மாண்டலின் தாங்கும். கிண்ண முதுகின் மெல்லிய பலகை நாளடைவில் அமிழ்ந்துவிடும். 0.009இல் தொடங்கும் மிக மெல்லிய தொகுதியைத்தான் போட வேண்டும்.

பழைய இத்தாலியக் கருவிகளில் துளையைச் சுற்றி ஆமை ஓடு பதித்திருப்பார்கள். அது பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட கடலாமையின் ஓடு. மலேசியாவில் இதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் வந்தால் சுங்கத்திலேயே பறிபோகும், வழக்கும் வரலாம். ‘ஆமை ஓடு நிறம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பிளாஸ்டிக்கா அசலா என்று எழுத்தில் கேளுங்கள்.

கர்நாடக இசைக்கு இது வேண்டாம் என்பேன். கம்பிகள் நெருக்கம், கழுத்து ஒடுக்கம், மடியில் கிண்ணம் வழுக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிக்கும் பிள்ளைக்கு முழு நேரமும் கருவியைப் பிடித்துக்கொள்வதே வேலையாகிவிடும்.

## தட்டைப் பலகை

கித்தார் மாதிரி முன்னும் பின்னும் தட்டையான, நீள்வட்டத் துளை வைத்த மாண்டலின்களும் உண்டு. அமெரிக்காவின் பிக் மடி இந்த வகையில் பெயர் பெற்றது. செதுக்கு வேலை இல்லாததால் அதே தரத்துக்கு விலை குறையும். மென்மையான, உருண்டையான ஒலி, வீட்டில் தனியாகப் பாடிக்கொண்டு வாசிக்க இதம். எந்தக் கித்தார் பழுதுக்காரரும் பயமில்லாமல் தொடுவார். தாரத்தில் கூர்மை போதவில்லை என்று எனக்குப் பட்டது.

## பக்கத்தில் பக்கமாக

| | ஈஸ்ட்மேன் 304 / 504 | அமெரிக்கச் சிறு பட்டறை | பழைய கிப்சன் ஏ | கிண்ண முதுகு | தட்டைப் பலகை |
|---|---|---|---|---|---|
| நாதம் நிற்பது | நன்று | மிக நன்று | மிக நன்று | மீட்டலுக்கு அழகு, ஒற்றை ஸ்வரம் சிறியது | நன்று |
| கமகத்துக்குக் கை | நன்று | சொல்லிச் செய்யலாம் | ஃப்ரெட் மாற்றினால் நன்று | கடினம் | நடுத்தரம் |
| நம் ஈரத்தில் | சமாளிக்கும் | சமாளிக்கும் | 1922க்கு முந்தியது ஆபத்து | ஆபத்து | சமாளிக்கும் |
| உள்ளூரில் பழுது | எளிது | எளிது, ஆனால் பயந்து தொடுவார்கள் | கடினம் | மிகக் கடினம் | மிக எளிது |
| மறைந்த செலவு | முதல் சீரமைப்பு | வரி, அனுப்பு, காத்திருப்பு | ஃப்ரெட், செல்லுலாய்டு, கட்டைகள் | கழுத்து, தனிக் கம்பி, ஆமை ஓடு | அதிகமில்லை |
| யாருக்கு | மாணவர், பஜனை | நீண்ட நாள் வாசித்தவர் | நீண்ட ஸ்வரப் பாடல், பொறுமைசாலி | சினிமா, இத்தாலிய இசை | வீட்டில் பாடுபவர் |

## மூவருக்கும்

கிள்ளான் அக்காவுக்கு எம்டி304. 504 வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் சீரமைப்பு, ஈரமானி, ஆறு தொகுதி கம்பி. பிள்ளை வியர்வைக் கையோடு வாசிப்பாள், கம்பி இங்கே ஆறு வாரத்தில் கறுத்துவிடும். வாசித்து முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைக்கச் சொல்லிக்கொடுங்கள். சுருதியை ஐந்து கட்டையில் வைத்துத் தொடங்கட்டும்.

பட்டர்வொர்த் அண்ணனுக்கு, பாம்புத்தலைக் கிப்சன் கிடைக்கும்வரை காத்திருக்க மனமிருந்தால் காத்திருங்கள். கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு இந்த வருடமே கருவி வேண்டுமென்றால் எம்டி504 வாங்கி வாசியுங்கள். அதை விற்றுவிட்டுப் பிறகு கிப்சனுக்குப் போவதும் நடக்கக்கூடியதுதான். நான் அப்படி இரண்டு முறை கருவி மாற்றியிருக்கிறேன்.

செந்தூல் தம்பிக்கு, நான் கேட்கச் சொன்ன இரண்டு படங்களும் வந்து, கம்பி உயரம் 2 மி.மீ.க்குள் இருந்தால் வாங்குங்கள். அந்த ஒலி வேறு எதிலும் வராது. வந்த பிறகு காரில் விட்டுப்போகாதீர்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே திறக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். விமானச் சரக்கறையின் குளிரிலிருந்து நம் வெக்கைக்கு வந்திருக்கிறது, ஓர் இரவு மூடியபடியே அறையில் விடுங்கள். மறுநாள் திறந்து, பிரிட்ஜ் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பலகையில் ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது, வழியில் பெரும்பாலும் நகர்ந்திருக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஸ்வரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது உயர்ந்து ஒலித்தால் பிரிட்ஜைக் கழுத்திலிருந்து தள்ளி நகர்த்துங்கள், தாழ்ந்து ஒலித்தால் கழுத்துப் பக்கமாக. எட்டுக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு ஜோடியாகத் தளர்த்தி நகர்த்தி மறுபடி ஏற்றுங்கள்.